கனமான வேலை ஓடும்போது எந்த நிரலுக்கு எவ்வளவு முன்னுரிமை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோ தொகுப்பவர்கள், பழைய நூல்களை ஸ்கேன் செய்து எழுத்துணரி வழியே உரையாக்குபவர்கள், பிளெண்டரில் அனிமேஷன் பழகும் மாணவர்கள் என்று பலருக்கும் மேசைக் கணினி அமைத்துக் கொடுத்து வருகிறேன். வேலை வேறு வேறு என்றாலும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப அவையேதான். கேட்டவர்களின் கேள்விகளை அப்படியே வைத்துக்கொண்டு பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பகுதி விண்டோஸ் 10, 11 பற்றியது. தேவையான இடங்களில் லினக்ஸும் மேக்கும் வரும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

முன்னுரிமை என்றால் என்ன? அதைக் கூட்டினால் கணினி வேகமாகுமா?

ஆகாது. எட்டு கோர் (தனித்தனியே கணக்கிடும் அலகு) கொண்ட பிராசசர் ஒரே கணத்தில் எட்டு திரெட்களை (நிரல்களுக்குள் தனித்தனியே ஓடும் வேலை இழைகளை) ஓட்டும். கோருக்கு இரண்டு என்ற வசதி இருந்தால் பதினாறு. விண்டோஸில் எந்நேரமும் ஆயிரக்கணக்கான திரெட்கள் இருக்கும். ஆனால் பெரும்பாலானவை எதற்காகவோ காத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். விழித்து, ஓடத் தயாராக நிற்பவை கோர்களின் எண்ணிக்கையை மிஞ்சும்போதுதான் யாரை முதலில் அனுப்புவது என்று இயங்குதளத்தின் ஷெட்யூலர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்குப் பயன்படும் எண்தான் முன்னுரிமை.

கூட்டமே இல்லாத ரேஷன் கடையில் முதல் ஆளாகப் போனாலும் கடைசி ஆளாகப் போனாலும் அரிசி வாங்கும் நேரம் ஒன்றுதான். ரெண்டர், அதாவது காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்கும் வேலை, மட்டும் தனியாக ஓடும் கணினியிலும் அப்படியே. ஹை என்று வைத்தாலும் லோ என்று வைத்தாலும் அது முடியும் நேரம் ஏறக்குறைய மாறாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. புதிய பிராசசர்கள் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

அப்படியென்றால் அதை ஏன் தொட வேண்டும்?

ரெண்டர் ஓடும்போதும் அந்தக் கணினியில் உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்பதற்காக. வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் என்கோடர் எல்லாக் கோர்களையும் நிரப்பிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு கடிதம் தட்டுகிறீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் தட்டச்சு நிரலின் திரெட் விழித்து, ஓரிரு மில்லிநொடி வேலை செய்துவிட்டு மறுபடி தூங்கப் போகும். அதுவும் என்கோடரும் ஒரே முன்னுரிமையில் இருந்தால், என்கோடரின் முறை முடியும்வரை அது காத்திருக்க நேரும். விண்டோஸின் கடிகாரத் துடிப்பு சாதாரணமாக 15.6 மில்லிநொடி. மேசைக் கணினியில் ஒரு திரெட்டுக்குக் கிடைக்கும் முறை இரண்டு துடிப்பு, அதாவது சுமார் 31 மில்லிநொடி. இப்படிச் சில காத்திருப்புகள் அடுத்தடுத்துச் சேர்ந்தால் எழுத்து திரையில் தாமதமாக வருவது கண்ணுக்கே தெரியும்.

என்கோடரை ஒரு படி கீழே இறக்கினால் தட்டச்சு நிரல் விழித்த உடனே கோர் கிடைத்துவிடுகிறது. என்கோடருக்கு இழப்பு அந்த ஓரிரு மில்லிநொடிதான். ஆகவே அவசரமான நிரலை மேலே ஏற்றுவதைவிடக் கனமான நிரலைக் கீழே இறக்குவதே சரியான வழி. என்னிடம் கேட்கும் எல்லோருக்கும் முதலில் இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

எங்கே போய் மாற்றுவது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போய், நிரலின் பெயர்மேல் வலது கிளிக் செய்து, செட் பிரையாரிட்டி என்பதில் வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். உறுதிதானா என்று ஒரு பெட்டி கேட்கும், ஒப்புக்கொள்ளுங்கள்.

சரியான நிரலைப் பிடிப்பதில்தான் கவனம் வேண்டும். சில மென்பொருள்களில் நாம் பார்க்கும் சன்னல் ஒரு நிரல், உழைப்பது இன்னொரு நிரல். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியில் வொர்க்கர் என்று முடியும் தனி நிரல் ஓடுவதைப் பார்க்கலாம். சன்னலை இறக்கிவிட்டு உழைப்பாளியை விட்டுவிட்டால் பயன் இல்லை. டீட்டெய்ல்ஸில் சிபியு என்ற தலைப்பைக் கிளிக் செய்து வரிசைப்படுத்துங்கள். உச்சியில் எது நிற்கிறதோ அதுதான் ஆள். ‘சிஸ்டம் ஐடில் பிராசஸ்’ என்று ஒன்று மேலே நின்றால் அதை விட்டுவிடுங்கள். கோர்கள் சும்மா இருக்கும் நேரத்தைக் காட்டும் கணக்கு அது.

ஆறு பெயர்கள் இருக்கின்றனவே, எனக்கு எது பொருந்தும்?

விண்டோஸுக்குள் 0 முதல் 31 வரை முன்னுரிமை எண்கள் இருக்கின்றன. லோ என்பதன் அடிப்படை எண் 4, பிலோ நார்மல் 6, நார்மல் 8, அபவ் நார்மல் 10, ஹை 13, ரியல்டைம் 24. அடிப்படை எண் என்று சொல்லக் காரணம் உண்டு: விசைப்பலகைத் தட்டல் வந்தால், காத்திருந்த கோப்பு வந்து சேர்ந்தால், விண்டோஸ் அந்தத் திரெட்டைச் சிறிது நேரம் தானாகவே உயர்த்திப் பிறகு இறக்கும்.

ரெண்டர், என்கோடிங், சுருக்குதல், எழுத்துணரி எல்லாவற்றுக்கும் பிலோ நார்மல் போதும். நாள்கணக்கில் ஓடும் வேலைக்கு, முடியும் நேரம் பற்றிக் கவலையே இல்லையென்றால், லோ. தொலைநோக்கித் தரவுகளை வீட்டுக் கணினிகளில் அலசிய செட்டி அட் ஹோம் திட்டம் 1999-இல் தொடங்கி 2020 வரை வேலைகளை அனுப்பிவந்தது. அதுபோன்ற தன்னார்வக் கணிப்புகளை நடத்தும் பாய்ங்க் மென்பொருள் தன் கணக்குகளை அடிமட்ட முன்னுரிமையில்தான் ஓட்டுகிறது. ஹை என்பதை விட்டுவிடுங்கள். டாஸ்க் மேனேஜர் அந்த வகுப்பில் ஓடுவதால்தான், கணினி திணறும்போதும் அதைத் திறந்து நிலைமையைச் சரிசெய்ய முடிகிறது.

ரியல்டைம் வைத்தால் உச்ச வேகம் கிடைக்கும் என்று பல காணொளிகளில் சொல்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். முதல் பதிலில் சொன்னபடி போட்டி இல்லாத இடத்தில் எந்த வகுப்பும் வேகம் தராது. போட்டி இருக்கும் இடத்தில் ரியல்டைம் வெல்வது யாரை என்று பாருங்கள். எண் 24 என்பது விண்டோஸின் சொந்த வேலைகள் பலவற்றுக்கும் மேலே இருக்கிறது. என்கோடர் எல்லாக் கோர்களையும் அந்த மட்டத்தில் பிடித்துக்கொண்டால் மவுஸ் நகராது, நினைவகத்தில் தேங்கிய தரவு வட்டுக்கு எழுதப்படாமல் நிற்கும். ரத்து செய்யலாம் என்றால் டாஸ்க் மேனேஜரின் 13-உம் அதற்குக் கீழேதான். மின்பொத்தானை அழுத்திப் பிடிப்பதுதான் வழி. அதோடு ரெண்டரும் போய்விடும்.

விண்டோஸில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. சுமார் 4 நொடி கோர் கிடைக்காமல் தவிக்கும் திரெட்டைத் தேடிப் பிடித்துத் தற்காலிகமாக 15-க்கு அது உயர்த்தும். ஹை வகுப்பு நிரலிடமிருந்து மற்றவற்றைக் காப்பாற்ற அது போதும். 24-க்கு எதிரே 15 எதுவும் செய்ய முடியாது. இன்னொன்று: நிர்வாகி அனுமதி இல்லாமல் ரியல்டைம் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் சத்தமில்லாமல் ஹை என்று வைத்துவிடும். ‘நான் ரியல்டைம் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர்கள் பலரும் வைத்தது ஹைதான்.

பிலோ நார்மல் வைத்தால் ரெண்டர் இரண்டு மடங்கு நேரம் எடுக்குமா?

எடுக்காது. மற்ற நிரல்கள் உண்மையில் பயன்படுத்திய நேரம் மட்டுமே கழியும். கடிதம் தட்டுவதும் இணையப் பக்கம் படிப்பதும் நவீன பிராசசருக்கு மிகச் சிறிய வேலைகள். நம்பிக்கை வராவிட்டால் இரண்டு நிமிடக் காட்சியை எடுத்து, கணினியைத் தொடாமல் நார்மலில் ஒரு முறையும் பிலோ நார்மலில் ஒரு முறையும் என்கோட் செய்து நேரத்தைக் குறித்துப் பாருங்கள். இன்னொரு கனமான நிரலைப் பக்கத்தில் ஓட்டினால் மட்டுமே கதை மாறும். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

பிலோ நார்மலும் லோவும் ஒரே மாதிரிதான் ஓடுகின்றன. பிறகு எதற்கு இரண்டு?

நல்ல கவனிப்பு. விண்டோஸ் பங்கு போடுவதில்லை. கண்டிப்பாக மேலிருந்து கீழே பார்க்கிறது. ஓடத் தயாராக இருக்கும் 8-ஆம் எண் திரெட் ஒன்று இருந்தால், அந்தக் கோருக்கு 6-உம் காத்திருக்கும், 4-உம் காத்திருக்கும். எனவே சாதாரண நிரல்களுக்கு வழிவிடும் விஷயத்தில் இரண்டும் சமம். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் இரண்டு வகுப்பிலும் ஆளுக்கொரு கனமான வேலை நிற்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு என்கோடிங் ஓட்டி, ஒன்றைப் பிலோ நார்மலிலும் மற்றதை லோவிலும் வையுங்கள். முதலாவது கோர்களை முழுவதும் நிரப்பக்கூடியதாக இருந்தால் இரண்டாவது கிட்டத்தட்ட நின்றேவிடும். மேலே சொன்ன 4 நொடிக் கருணை மட்டும் அதற்கு அவ்வப்போது கிடைக்கும்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம்: இரண்டு வேலைகளும் சேர்ந்து முன்னேற வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே வகுப்பில் வையுங்கள். ஒன்று முடிந்த பிறகே மற்றது போதும் என்றால் வகுப்பைப் பிரியுங்கள்.

லினக்ஸில் நைஸ் என்கிறார்களே, அதுவும் இதேதானா?

நோக்கம் ஒன்று, நடத்தை வேறு. நைஸ் மதிப்பு -20 முதல் 19 வரை. எண் கூடக் கூட முன்னுரிமை குறையும். சாதாரண நிரல் 0. நைஸ் என்று மட்டும் முன்னால் போட்டுக் கட்டளையைத் தொடங்கினால் 10 ஆகும். ஓடிக்கொண்டிருப்பதை மாற்ற ரீநைஸ். சாதாரணப் பயனர் மதிப்பைக் கூட்டலாம், மறுபடி குறைக்க ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும். அதனால் பாதியில் மனம் மாறக்கூடும் என்றால் 19-க்குத் தாவாதீர்கள்.

லினக்ஸ் பங்கு போடுகிறது. நைஸ் 0-வின் எடை 1024, 5-இன் எடை 335, 10-இன் எடை 110, 19-இன் எடை 15. கண்ணால் பார்க்கச் சோதனை எளிது. ஒரே டெர்மினலில் முடிவில்லாமல் எண்ணும் இரண்டு சிறு நிரல்களை, டாஸ்க்செட் கட்டளையால் ஒரே கோரில் கட்டிப்போட்டு, ஒன்றை நைஸ் 0, மற்றதை 10 என்று தொடங்குங்கள். டாப் கட்டளையின் திரையில் ஒன்று 90 சதவீதத்தை ஒட்டியும் மற்றது 10 சதவீதத்தை ஒட்டியும் நிற்கும். 1024-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 1134-ஆல் வகுத்தால் வரும் விடை அதுதான். 2007-இல் வந்த சிஎஃப்எஸ் ஷெட்யூலரும், 2023-இல் 6.6 பதிப்பிலிருந்து அதன் இடத்துக்கு வந்த ஈஈவிடிஎஃப் ஷெட்யூலரும் இந்த எடைகளையே பயன்படுத்துகின்றன.

நைஸ் 19 வைத்தும் லினக்ஸில் எதுவும் மாறவில்லையே?

மேலே ‘ஒரே டெர்மினலில்’ என்று சொன்னது இதற்காகத்தான். 2011-இல் வந்த 2.6.38 கெர்னலிலிருந்து ஆட்டோகுரூப் என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு டெர்மினல் அமர்வும் ஒரு குழுவாகும். கோர் நேரம் முதலில் குழுக்களுக்கிடையே பிரியும், பிறகே குழுவுக்குள் நைஸ் பார்க்கப்படும். ஒரு சன்னலில் நைஸ் 19, இன்னொரு சன்னலில் நைஸ் 0 என்று ஓட்டினால் இரண்டுக்கும் சரிபாதி கிடைத்து உங்களைக் குழப்பும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி பிரித்து வைக்கும் குழுக்களிலும் இதே நிலைமை வரலாம்.

தீர்வு, குழுவுக்கே எடை போடுவது. சிஸ்டம்டி-ரன் கட்டளையில் யூசர், ஸ்கோப் என்ற இரண்டு தெரிவுகளோடு சிபியுவெயிட் 20 என்று கொடுத்து உங்கள் ரெண்டரைத் தொடங்குங்கள். இயல்பான எடை 100 என்பதால் போட்டி வரும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு எடைதான் ரெண்டருக்கு.

மேக்கில்?

நைஸ் அங்கேயும் இருக்கிறது. ஆனால் ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட கணினிகளில், அதாவது 2020-இன் எம்1 முதல், டாஸ்க்பாலிசி கட்டளையை -பி தெரிவோடு பயன்படுத்துவதற்குத்தான் பலன் அதிகம். அப்படிப் பின்னணி வேலை என்று குறிக்கப்பட்டது மின்சிக்கனக் கோர்களில் மட்டும் ஓடும். கணினி வெண்ணெயாக நகரும்; வேலை முடிய நேரம் நன்றாகவே கூடும். அதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

முன்னுரிமையைக் குறைத்துவிட்டேன். ஆனாலும் கணினி திக்கித் திணறுகிறது, ஏன்?

இதுவரை பேசியது கோர் நேரம் மட்டும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து மெமரியையும் டிஸ்க்கையும் பாருங்கள். மெமரி நிரம்பியிருந்தால் விண்டோஸ் பக்கங்களை வட்டுக்குத் தள்ளியும் மீட்டும் கொண்டிருக்கும். அந்தத் திணறலுக்கு எந்த முன்னுரிமையும் மருந்தல்ல. முன்னோட்டத் தரத்தைக் குறைப்பது, பிரவுசரின் தாவல்களை மூடுவது, கூடுதல் ரேம் போடுவது இவைதான் வழி.

டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், அதிலும் அது சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், மூலக் காட்சியை ஒரு வட்டிலிருந்து படித்து வெளியீட்டை இன்னொரு வட்டில் எழுதவையுங்கள். வட்டு அணுகலுக்கும் முன்னுரிமை உண்டு. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் இருக்கிறது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் லோ என்று வைத்தால் அது குறையாது. இது பலருக்கும் தெரிவதில்லை. நிரலே தன்னைப் பின்னணி நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது சிஸ்டம் இன்ஃபார்மர் போன்ற கருவியால் மாற்ற வேண்டும். லினக்ஸில் ஐயோநைஸ் கட்டளையில் 3-ஆம் வகுப்பு இதற்கானது. பிஎஃப்கியூ போல அதை மதிக்கும் ஷெட்யூலர் வட்டுக்கு இருந்தால்தான் அது செல்லுபடியாகும்.

கிராஃபிக்ஸ் கார்டில் ரெண்டர் செய்கிறேன். எனக்கு இதெல்லாம் உதவுமா?

மிகக் குறைவாக. இங்கே சொன்ன எண்கள் பிராசசரின் வரிசைக்கு மட்டும். கார்டு முழுக்க ரெண்டரில் மூழ்கியிருக்க, அதே கார்டுதான் உங்கள் திரையையும் வரைகிறது என்றால் சன்னல்கள் தடுமாறத்தான் செய்யும். பிராசசருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருந்தால் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகித் திரையை அதனிடம் ஒப்படைத்துவிடலாம். பிளெண்டரில் வேலை பார்க்கும் மாணவர்கள் இந்த ஒரு மாற்றத்திலேயே பெரிய நிம்மதி அடைகிறார்கள்.

லோ வைத்தால் சூடு குறையுமா? ஃபேன் சத்தம் தாங்கவில்லை.

குறையாது. போட்டி இல்லாதபோது லோ நிரலும் எல்லாக் கோர்களையும் நூறு சதவீதம் ஓட்டும். சூடு குறைய வேண்டுமென்றால் மின்சாரத்தைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட் என்பதை 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான பிராசசர்களில் டர்போ வேகம் நின்றுவிடும். ரெண்டர் சற்று மெதுவாகும், வெப்பம் நன்றாக இறங்கும். ஏசி இல்லாத அறையில் சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு முழுக்க ஓட்டுபவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். பெட்டிக்குள் படிந்த தூசியைத் துடைப்பதை அதற்கும் முன்னால் செய்யுங்கள்.

முன்னுரிமைக்குப் பதிலாக அஃபினிட்டி வைத்து இரண்டு கோரை ஒதுக்கிவிடலாமே?

வைக்கலாம், அதே வலது கிளிக் பட்டியலில் செட் அஃபினிட்டி இருக்கிறது. ஆனால் நிரல் எந்தெந்தக் கோர்களில் ஓடலாம் என்று கட்டும் வேலி அது. நீங்கள் சாப்பிடப் போனாலும் அந்த இரண்டு கோர்களும் சும்மாவே கிடக்கும். முன்னுரிமை அப்படியல்ல; தேவைப்படும்போது மட்டும் விட்டுக்கொடுக்கும். முதலில் பிலோ நார்மல் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் ஒலியோ நேரலையோ தடுமாறினால் மட்டும் அஃபினிட்டி.

வீடியோ அழைப்பிலும் பாடல் பதிவிலும் படபடவென்று ஒலி வெட்டுகிறது. ஒலி நிரலுக்கு ஹை வைக்கலாமா?

பெரும்பாலும் தேவையில்லை. ஒலித் திரெட்களைத் தானாகவே உயர்த்த விஸ்டா முதல் விண்டோஸில் ஒரு தனிச் சேவை இருக்கிறது. நல்ல பதிவு மென்பொருள்கள் அதைப் பயன்படுத்துகின்றன. வெட்டு தொடர்ந்தால் பஃபர் (ஒலியைச் சேர்த்துவைக்கும் இடம்) அளவை 128-இலிருந்து 256 அல்லது 512 சாம்பிளாக உயர்த்திப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் வைஃபை அல்லது கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகியுங்கள். டிரைவர்களின் குறுக்கீட்டு வேலைகள் இந்த 32 எண்களுக்கும் அப்பாற்பட்டு ஓடுபவை. ரியல்டைம் நிரலைக்கூட அவை நிறுத்திவைக்கும்.

ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற வேண்டியிருக்கிறதே, நிலையாக வைக்க வழி இல்லையா?

நிரல் மூடியதும் டாஸ்க் மேனேஜரின் மாற்றம் போய்விடும். முதலில் அந்த மென்பொருளின் சொந்த அமைப்புகளில் தேடுங்கள். ஹேண்ட்பிரேக்கின் பிரிஃபரன்ஸஸில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. இல்லையென்றால் ஒரு சிறு பேட்ச் கோப்பு போதும்: ஸ்டார்ட் என்று எழுதி, உள்ளே எதுவும் இல்லாத இரட்டை மேற்கோள் குறி, பிறகு /பிலோநார்மல், பிறகு நிரலின் முழுப் பாதை. அந்த வெற்று மேற்கோளை விட்டுவிடாதீர்கள். விட்டால், மேற்கோளுக்குள் நீங்கள் கொடுக்கும் பாதையைச் சன்னலின் தலைப்பு என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், நிரல் தொடங்காது.

எப்படித் தொடங்கினாலும் தானாகப் பொருந்த வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரி. லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன், இமேஜ் ஃபைல் எக்ஸிக்யூஷன் ஆப்ஷன்ஸ் என்று இறங்கி, நிரலின் கோப்புப் பெயரில் ஒரு கீ, அதற்குள் பெர்ஃப்ஆப்ஷன்ஸ் என்று ஒரு கீ. அதில் சிபியுபிரையாரிட்டிகிளாஸ் என்ற டிவேர்ட் மதிப்பு: லோவுக்கு 1, நார்மலுக்கு 2, ஹைக்கு 3, பிலோ நார்மலுக்கு 5, அபவ் நார்மலுக்கு 6. வரிசை ஏறுமாறாக இருப்பதால் கவனம். பெயரை வைத்தே பொருந்தும் என்பதால் அதே பெயருள்ள எல்லா நிரலுக்கும் இது செல்லும். தொடுவதற்கு முன் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எதையும் மாற்றவில்லை. ஆனால் டாஸ்க் ஷெட்யூலர் வழியே இரவில் ஓடும் அதே ஸ்கிரிப்ட் மெதுவாக ஓடுகிறது. ஏன்?

டாஸ்க் ஷெட்யூலர் தொடங்கும் வேலைகளின் இயல்பு முன்னுரிமை 7. அது பிலோ நார்மலுக்குச் சமம், வட்டு அணுகலும் இறங்கியிருக்கும். இதை மாற்றத் திரையில் எங்கும் பொத்தான் கிடையாது. வேலையை எக்ஸ்எம்எல் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, நோட்பேடில் பிரையாரிட்டி என்ற வரியில் 7-ஐ 5 ஆக்கி, பழையதை அழித்துவிட்டு மறுபடி இம்போர்ட் செய்யுங்கள். 4 முதல் 6 வரை நார்மல்.

ஒரு நிரலை இறக்கினால் அது தொடங்கும் மற்ற நிரல்களும் இறங்குமா?

லினக்ஸில் நைஸ் மதிப்பு அப்படியே பிள்ளைகளுக்கும் போகும். விண்டோஸில் பாதி மட்டும் உண்மை: தாய் நிரல் பிலோ நார்மலிலோ லோவிலோ இருந்தால் பிள்ளையும் அதையே பெறும், ஹை, அபவ் நார்மல் என்றால் பிள்ளை நார்மலில்தான் பிறக்கும். ஆக, கமாண்ட் சன்னலையே முதலில் பிலோ நார்மல் ஆக்கிவிட்டு அதிலிருந்து எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றியை வரிசையாக ஓட்டினால் ஒவ்வொன்றையும் தேடிப் போக வேண்டாம். ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைகள் மட்டும் பழைய நிலையிலேயே இருக்கும்.

புத்தகப் பக்கங்களுக்கு எட்டு டெசராக்ட் ஒன்றாக ஓட்டினேன். ஒவ்வொன்றாக ஓட்டியதைவிட மெதுவாகிவிட்டது. முன்னுரிமையைக் கூட்டட்டுமா?

வேண்டாம். டெசராக்ட் எழுத்துணரியின் 4-ஆம் பதிப்பு முதல், ஒவ்வொரு நிரலும் தானே நான்கு திரெட்வரை திறக்கும். எட்டு நிரல் என்றால் முப்பத்திரண்டு. எட்டுக் கோரில் அவை ஒன்றுக்கொன்று காத்திருந்தே நேரத்தை வீணாக்கும். ஓஎம்பி_திரெட்_லிமிட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்துவிட்டு எட்டையும் ஓட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கோர் என்று சீராகப் போகும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பழைய தமிழ் நூலில் இந்த மாற்றம் தரும் பலனை எந்த முன்னுரிமையும் தராது. பிறகு எல்லாவற்றையும் பிலோ நார்மலுக்கு இறக்கினால், பக்கங்கள் ஓடும்போதே முடிந்தவற்றை மெய்ப்புப் பார்க்கலாம்.

புது இன்டெல் கணினியில் ரெண்டர் சன்னலைச் சுருக்கியதும் வேகம் பாதியாகிறது. இது முன்னுரிமைக் கோளாறா?

முதல் பதிலில் சொன்ன விலக்கு இதுதான். 2021-இல் வந்த 12-ஆம் தலைமுறை முதல் இன்டெல் மேசைக் கணினிப் பிராசசர்கள் பலவற்றில் இரண்டு வகைக் கோர்கள் இருக்கின்றன. ஐ9-12900கே-வில் 8 வேகக் கோர், 8 சிக்கனக் கோர். எந்தத் திரெட்டை எந்த வகையில் ஓட்டுவது என்று விண்டோஸ் முடிவு செய்யும்போது, சுருக்கப்பட்ட சன்னலும் குறைந்த முன்னுரிமையும் ‘இது அவசரமில்லாத வேலை’ என்ற குறிப்பாகிவிடக்கூடும். அப்போது வேகக் கோர்கள் சும்மா இருக்க, ரெண்டர் சிக்கனக் கோர்களில் நெருக்கியடித்து ஓடும்.

டாஸ்க் மேனேஜரில் சிபியு வரைபடத்தை வலது கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர்ஸ் காட்சிக்கு மாற்றினால் எந்தப் பெட்டிகள் காலியாக இருக்கின்றன என்று தெரிந்துவிடும். சன்னலைச் சுருக்காமல் மற்ற சன்னல்களுக்குப் பின்னால் விடுங்கள், முன்னுரிமையை நார்மலுக்கு ஏற்றுங்கள், பவர் திட்டத்தை ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆக்குங்கள். இந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் அந்த நிரலுக்கு எஃபிஷியன்ஸி மோட் இயங்கியிருந்தால் அதையும் நிறுத்துங்கள். அது முன்னுரிமையையும் மின்சாரத்தையும் சேர்த்தே இறக்கும்.

ஆக்சஸ் டினைடு என்று வருகிறதே?

நிர்வாகியாக டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். வைரஸ் தடுப்பு, ஏமாற்றுத் தடுப்பு கொண்ட விளையாட்டுகள், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-இன் விஎம்மெம் ஆகியவை அதற்குப் பிறகும் மறுக்கும். விஎம்மெம் விஷயத்தில் டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக் கோப்பில் பிராசசர்ஸ், மெமரி என்ற இரண்டு வரிகளால் எல்லை போடலாம். மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

கீழே இறக்கிய நிரல், மேலே இருக்கும் நிரலையே நிறுத்திவைக்க முடியுமா?

முடியும். கீழ்நிலைத் திரெட் ஒரு பூட்டைப் பிடித்திருக்கிறது. மேல்நிலைத் திரெட்டுக்கு அதே பூட்டு வேண்டும். நடுநிலையில் ஒன்று கோரை விடாமல் பிடித்திருந்தால், கீழே இருப்பதற்குப் பூட்டைத் திறக்கவே வாய்ப்பு வராது. மேலே இருப்பதும் கூடவே தவம் கிடக்கும். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தில் நடந்தது இது. வானிலைத் தரவு சேகரிக்கும் கீழ்நிலைப் பணி, தகவல் தடத்தை நிர்வகிக்கும் மேல்நிலைப் பணிக்கு வேண்டிய பூட்டைப் பிடித்திருந்தது. இடைநிலைப் பணி குறுக்கே வர, கலம் தன்னைத்தானே மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் செய்துகொண்டது. பூட்டுக்கு முன்னுரிமை வாரிசுரிமை தரும் தெரிவைப் பூமியிலிருந்தே இயக்கிப் பொறியாளர்கள் அதைச் சரிசெய்தார்கள்.

மேசைக் கணினியில் பட்டினி கிடக்கும் திரெட்டை 15-க்கு உயர்த்தும் ஏற்பாடு இத்தகைய முடிச்சையும் சில நொடிகளில் அவிழ்த்துவிடும். அந்தச் சில நொடி உறைவு உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால், ஒரே கோப்புகளைப் பகிரும் நிரல்களை, உதாரணமாகத் தொகுப்பு மென்பொருளையும் அதன் என்கோடரையும், இரண்டு வகுப்புக்கு மேல் பிரிக்காதீர்கள்.

ஒரு மணி நேரம் முழு வேகம் வேறொன்றுக்கு வேண்டும். பாதி முடிந்த ரெண்டரை ரத்து செய்யாமல் நிறுத்திவைக்கலாமா?

வைக்கலாம். விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு பகுதியில் நிரலை வலது கிளிக் செய்து சஸ்பெண்ட் பிராசஸ். திரும்பி வந்ததும் ரெஸ்யூம். லினக்ஸிலும் மேக்கிலும் கில் கட்டளையில் ஸ்டாப், பிறகு கண்ட். நிறுத்திய நிரல் பிடித்திருக்கும் மெமரி திரும்பாது. உங்கள் ஒரு மணி நேர வேலைக்கு மீதி ரேம் போதுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எதையாவது பதிவேற்றிக்கொண்டிருக்கும் நிரலை இப்படி நிறுத்தினால் இணைப்பு அறுந்துவிடும். உள்ளேயே கணக்குப் போடும் ரெண்டருக்கும் என்கோடருக்கும் அந்தப் பயம் இல்லை.